ஆராய்ச்சி ஒன்று சொல்கிறது, வார்டு வேறு சொல்கிறது: நான் எதைக் கேட்பது?

தென் மாவட்டம் ஒன்றில், தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் வேலை செய்யும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்காவது வருடம். இரவுப் பணியில் பன்னிரண்டு நோயாளிகளுக்கு அவர் ஒருவர்தான். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

"எங்கள் வார்டில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் சிறு குழாய்) போட்டு 72 மணி நேரம் ஆகிவிட்டால், நன்றாக ஓடினாலும் எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். 78 வயதுத் தாத்தா ஒருவருக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம். போன தடவை நான்கு முறை குத்திய பிறகுதான் கிடைத்தது. அப்படிக் கட்டாயமாக மாற்றத் தேவையில்லை என்று ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில் படித்திருந்தேன். அதனால் அன்று இரவு மாற்றாமல் விட்டேன். காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் எல்லோர் முன்னாலும் திட்டினார். 'ஆராய்ச்சியை எல்லாம் காலேஜோடு விட்டுட்டு வா' என்றார். மெமோவும் கொடுத்துவிட்டார்கள்.

"அவருக்கு 22 வருட அனுபவம். ஆனால் இன்றைக்கும் படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கு ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்க்கச் சொல்கிறார். பக்கவாதம் வந்த ஒரு பாட்டிக்கு நான் தேய்க்க மாட்டேன் என்றதும் பாட்டியின் மகள் சண்டைக்கு வந்துவிட்டார். மூக்கு வழியே இரைப்பைக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் போட்டால் சிரிஞ்சில் காற்றை ஏற்றி, ஸ்டெத்தில் சத்தம் கேட்டதும் ஃபீட் ஆரம்பித்துவிடுகிறார்கள். இதெல்லாம் தவறு என்று நிரூபிக்க, ஒரு நோயாளியின் முதுகைத் தேய்ப்பதை அவரிடம் கேட்காமலே வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறேன். என் கேள்விகள் இவைதான். இந்த மெமோவால் செவிலியர் கவுன்சில் பதிவு போய்விடுமா? நைட் டியூட்டியில் யாருக்கும் சொல்லாமல் ஆராய்ச்சிப்படியே செய்யலாமா? மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் என்ஏபிஹெச்-க்குப் புகார் அனுப்பட்டுமா? இல்லை, வேலையை விட்டுவிடட்டுமா?"

அன்புச் சகோதரிக்கு,

பன்னிரண்டு பேரைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் உட்கார்ந்து கட்டுரை படிக்கிறீர்களே, அந்தப் பழக்கத்தை இந்த ஒரு மெமோவுக்காக விட்டுவிடாதீர்கள். எல்லோர் முன்னாலும் உங்களைத் திட்டியது தவறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வென்ஃப்ளான், முதுகு தேய்ப்பது, ரைல்ஸ் டியூப் ஆகிய மூன்றையும் 'ஆராய்ச்சிக்கு எதிரானவை' என்று ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். இவை மூன்றும் ஒரே எடை உள்ளவை இல்லை. ஒன்றில் ஆராய்ச்சியே இன்னும் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றை யாரையும் பகைக்காமல் இன்றைக்கே மாற்றிவிடலாம். மூன்றாவதில் உயிர் போகும். நீங்கள் அதிகம் மோதியது முதலாவதற்காக. மோத வேண்டியது மூன்றாவதற்காக.

வென்ஃப்ளான்: படித்தது சரி, பாதிதான் படித்தீர்கள்

நீங்கள் படித்தது, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகளில் நடந்து, 2012-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு என்று நினைக்கிறேன். அதை முன்னின்று நடத்திய கிளேர் ரிக்கார்ட் ஒரு நர்ஸ். 3,283 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்றாம் நாள் கட்டாயமாக மாற்றினார்கள். மற்றதற்கு வலி, சிவப்பு, வீக்கம், அடைப்பு என்று ஏதாவது காரணம் இருந்தால் மட்டும் மாற்றினார்கள். நரம்பு வீங்குவது இரண்டு பிரிவிலும் 7 சதவீதம்தான். நல்ல ஆய்வு. அதை நம்பலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் இதை ஏற்றுக்கொண்டு, கட்டாயமாக மாற்றும் வழக்கத்தை நிறுத்தின. பிறகு நான்கு லட்சத்துக்கும் அதிகமான வென்ஃப்ளான்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, அதனால் இரத்தத்தில் பரவும் தொற்று கூடியிருந்தது தெரிந்தது. பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. இது வெளியானது 2021-இல். இரத்தத் தொற்று மிக அபூர்வமாக வருவது. மூவாயிரம் பேரை வைத்து நடத்தும் ஆய்வில் அது கண்ணில் படாமல் போகலாம், லட்சக்கணக்கில் பார்த்தால்தான் தெரியும். மறுபுறம், ஜெனீவா ஆய்வில் குலுக்கல் கிடையாது. 'முன்பு எப்படி, பின்பு எப்படி' என்று ஒப்பிட்டதுதான், அதனால் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நிலைமை புரியும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 'தேவைப்படும்போது மட்டும் மாற்றுவது' என்றால், தேவை வந்துவிட்டதா என்று யாராவது தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கு ஒரு நர்ஸ் இருக்கும் இரவில் அந்தப் பார்வை நடக்குமா? நடக்காத இடத்தில் 72 மணி நேர விதி ஒரு பாதுகாப்பு. கண் பார்க்கத் தவறியதைக் கடிகாரமாவது பிடித்துவிடும்.

உங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஆராய்ச்சிக்கு எதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பிடித்துக்கொண்டிருக்கும் விதியும் ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2002-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்தில் மாற்றச் சொன்னது. 2011-இல் அதே அமைப்பு, அதைவிட அடிக்கடி மாற்றத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, காரணம் இருந்தால் மட்டும் மாற்றலாமா என்பதை முடிவு செய்யாமல் விட்டது. ஆக, அவர் கற்ற காலத்தின் சான்றை அவர் சரியாகப் பின்பற்றுகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் உங்கள் குரலே மாறிவிடும்.

சரி, அந்த இரவு தாத்தாவுக்கு என்ன செய்திருக்கலாம்? முதலில், அவருக்கு இன்னும் ஊசி வழி மருந்து வேண்டுமா என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டிருக்கலாம். சாப்பிடுகிறார், காய்ச்சல் விட்டுவிட்டது என்றால் மாத்திரைக்கு மாற்றிவிட்டு வென்ஃப்ளானை எடுத்தேவிடலாம். வேலையில்லாமல் கையில் கிடக்கும் வென்ஃப்ளான்தான் எல்லாவற்றிலும் வீண் ஆபத்து. அதை எடுப்பதற்கு எந்த ஆராய்ச்சியும் குறுக்கே நிற்காது. தேவை என்றால், இடத்தை நன்றாகப் பார்த்து, தொட்டு, வலிக்கிறதா என்று கேட்டு, "சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, நரம்பு கிடைப்பது சிரமம், மாற்றாமல் ஷிஃப்டுக்கு ஒரு முறை பார்க்கலாமா" என்று டாக்டரிடம் கேட்டு ஆர்டர் வாங்கி, நேரம் போட்டு எழுதியிருக்கலாம். உள்ளே போவது பொட்டாசியம், வான்கோமைசின், அமியோடரோன் மாதிரி நரம்பைக் கெடுக்கும் மருந்து என்றால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். தாத்தாவுக்குக் கிடைத்திருக்கும் பலன் அதேதான், உங்களுக்கு மெமோ வந்திருக்காது.

எனவே, 'யாருக்கும் சொல்லாமல் செய்யலாமா' என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. பயந்து நடக்கச் சொல்லவில்லை. நீங்கள் ஒரு முறையில், அடுத்த ஷிஃப்ட் வேறு முறையில் என்று போனால், அந்த வென்ஃப்ளான் எத்தனை நாளானது என்றே யாருக்கும் தெரியாமல் போகும். அந்தக் குழப்பத்தில் அடிபடுவது நோயாளி.

ரைல்ஸ் டியூப்: இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்

காற்றை ஏற்றிச் சத்தம் கேட்பது நம்பக்கூடிய சோதனை இல்லை. குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும், உணவுக்குழாயிலேயே நின்றிருந்தாலும் மேல்வயிற்றில் அதே மாதிரி சத்தம் கேட்கலாம். இங்கிலாந்தின் நோயாளர் பாதுகாப்பு அமைப்பு 2005-லேயே இந்தச் சோதனையை நிறுத்தச் சொல்லி எச்சரிக்கை விட்டது. தவறான இடத்தில் இருக்கும் குழாய் வழியே ஃபீட் கொடுப்பதை, ஒருபோதும் நடக்கக்கூடாத சம்பவங்களின் பட்டியலில் அங்கே வைத்திருக்கிறார்கள். குழாய் நுனியைத் தண்ணீரில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் அப்படியே கைவிட வேண்டியதுதான்.

சரியான வழி, குழாயிலிருந்து உறிஞ்சிய திரவத்தை (ஆஸ்பிரேட்), அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் தாளில் சோதிப்பது. 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரைப்பையில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் நம் வார்டுகளில் பாதிப் பேருக்கு பாண்டோபிரசோல் ஓடிக்கொண்டிருக்கும். அது அமிலத்தைக் குறைத்துவிடுவதால் பிஹெச் ஏறித்தான் காட்டும். திரவம் வரவில்லை, பிஹெச் ஏறியிருக்கிறது, நோயாளிக்கு நினைவு சரியில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்து டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் முதல் ஃபீட். மூக்கருகே குழாய் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று எழுதி வைத்து, ஒவ்வொரு ஃபீடுக்கு முன்னும் அந்த அளவைப் பாருங்கள். இருமல், வாந்தி, குழாய் இழுபட்டது என்றால் திரும்பவும் சோதனை.

இங்கே உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நினைக்காதீர்கள். குழாய் எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதபோது ஃபீடை நிறுத்தி வைத்து டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவது உங்கள் கடமை. இரவு இரண்டு மணியானாலும் கூப்பிடுங்கள். "ஆராய்ச்சி சொல்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள். "சார், ஆஸ்பிரேட் வரல, பேஷன்ட் ட்ரௌசியா இருக்காங்க, எக்ஸ்ரே பார்த்துட்டு ஃபீட் ஆரம்பிக்கலாமா?" என்று கேளுங்கள். எந்த டாக்டரும் இதற்கு மறுப்புச் சொல்வது கடினம். என்ன சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று நோட்ஸில் எழுதிவிடுங்கள்.

முதுகும் பவுடரும்

ஸ்பிரிட் தோலை உலர்த்திவிடும். எலும்பு துருத்தும் இடங்களை, முக்கியமாக ஏற்கனவே சிவந்த இடங்களை, அழுத்தித் தேய்த்தால் உள்ளே நொந்துபோயிருக்கும் திசு இன்னும் கெடும். ஐரோப்பிய, அமெரிக்கப் படுக்கைப்புண் குழுக்களின் கூட்டு வழிகாட்டுதல்கள் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கின்றன. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்குக் கீழே வைப்பதும், வளையத் தலையணையும் வேண்டாம். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தொங்கவிட்டால் போதும்.

நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் பாட்டியின் மகளிடம் 'தேய்க்க மாட்டேன்' என்பதோடு நிறுத்தியிருக்கிறீர்கள். அம்மாவைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்றுதான் அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கும். 1996-இல் டேவிட் சாக்கெட்டும் கூட்டாளிகளும் சான்று சார்ந்த மருத்துவம் என்றால் என்ன என்று விளக்கி எழுதியபோது, ஆராய்ச்சியோடு மருத்துவரின் அனுபவத்தையும் நோயாளியின் நிலை, உரிமை, விருப்பத்தையும் சேர்த்தே சொன்னார்கள். அந்தக் கடைசிப் பகுதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். "அக்கா, இடுப்பு எலும்பு மேல மட்டும் தேய்க்க வேண்டாம், தோல் உரிஞ்சிரும். கை, கால், தோள்ல நீங்களே தேங்காய் எண்ணெய் மெதுவா தடவி விடுங்க, அம்மாவுக்கு இதமா இருக்கும். நான் திருப்பிப் படுக்க வைக்கும்போது கூட ஒரு கை பிடிங்க" என்று சொல்லிப் பாருங்கள். நோயாளியைத் திருப்ப உங்களுக்கு ஒரு ஆளும் கிடைத்துவிடும்.

திருப்பிப் படுக்க வைப்பதைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கா, கனடாவில் முதியோர் இல்லங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இரண்டு, மூன்று, நான்கு மணி நேரம் என்று எந்த இடைவெளியில் திருப்பினாலும் படுக்கைப்புண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்தது. இதைப் பார்த்துவிட்டு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பினால் போதும் என்று யாராவது சொல்லக்கூடும். அந்த ஆய்வில் எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான நுரை மெத்தையில். உங்கள் வார்டில் ரெக்ஸின் சுற்றிய தென்னைநார் மெத்தை என்றால் அந்த முடிவை அப்படியே கொண்டுவர முடியாது. ஏர் பெட் கிடைக்காத பாட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புவதைக் கைவிடாதீர்கள். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் அந்த நோயாளிகள் யார், எந்த மெத்தையில் படுத்திருந்தார்கள், எத்தனை நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள் என்று தேடுங்கள். முடிவுரையை மட்டும் படித்தால் இது தெரியாது.

முதுகு விஷயத்தில் மாற்றத்துக்கு யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவைப்படாது. வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றி, மாய்ச்சரைசர் தடவுங்கள். அதுவும் பேக் கேர்தான். இன்சார்ஜ் சிஸ்டரும் தடுக்க மாட்டார்.

மெமோ, வீடியோ, புகார்

மெமோ என்பது உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலானது. அதனால் மட்டும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு போய்விடாது. கவுன்சில் ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பது தொழில் ஒழுங்கீனப் புகார் வந்து, விசாரித்த பிறகு. பதில் கடிதத்தை அரைப் பக்கத்துக்குள் முடியுங்கள். எத்தனை மணிக்கு இடத்தைப் பார்த்தீர்கள், எப்படி இருந்தது, ஏன் மாற்றவில்லை, டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதை ஏற்கிறீர்கள், அவ்வளவுதான். ஆராய்ச்சிக் கட்டுரையை அதோடு இணைக்காதீர்கள், வாக்குவாதமாகப் போய்விடும். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய நோட்ஸில் எழுதாமல் விட்டிருந்தால், இப்போது போய் இடைச்செருகாதீர்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால் இன்றைய தேதி, நேரம் போட்டுத் தாமதப் பதிவு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். கேஸ் ஷீட்டைத் திருத்துவது மெமோவைவிடப் பல மடங்கு பெரிய குற்றம்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது அந்த வீடியோதான். ஆடை விலகிய ஒரு நோயாளியின் முதுகு அதில் இருக்கிறது. அவரிடம் நீங்கள் சம்மதம் வாங்கவில்லை. எந்த வாட்ஸாப் குழுவுக்கும் அனுப்பாதீர்கள், போனிலும் வைத்திருக்காதீர்கள். உங்கள் பதிவுக்கு ஆபத்து வருமானால் இதனால்தான் வரும். நோயாளிக்கு நாம் கொடுத்திருக்கும் வாக்கு, சிகிச்சைக்கு மட்டும் இல்லை.

என்ஏபிஹெச்-க்குப் புகார் எழுதுவதற்கு முன் அதே என்ஏபிஹெச்-ஐ உள்ளேயே பயன்படுத்துங்கள். சான்று சார்ந்த வழிகாட்டுதல்கள் வேண்டும் என்று அதன் தரநிலைகளே சொல்கின்றன. அட்மிட் ஆன பிறகு வரும் படுக்கைப்புண்களைக் கணக்கெடுக்கச் சொல்வதும் அதுதான். உங்கள் மருத்துவமனையில் இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் கமிட்டியும் அதற்கான நர்ஸும் இருப்பார்கள். வென்ஃப்ளான் கேள்வியை அவரிடம் கொண்டுபோங்கள். முதலில் ஒரு மாதம் உங்கள் வார்டில் எத்தனை வென்ஃப்ளான் போடப்பட்டது, எத்தனை பேருக்கு நரம்பு வீங்கியது, எந்த நாளில், என்ன மருந்து ஓடியது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வெளிநாட்டு ஆய்வைவிட உங்கள் வார்டு நோட்டு அந்தக் கமிட்டியில் அதிகம் பேசும். அந்தக் கணக்கெடுப்பில் இன்சார்ஜ் சிஸ்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 22 வருடத்தில் எந்த மருந்துக்கு எந்த நரம்பு கெடும் என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கும். அது எந்தக் கட்டுரையிலும் கிடைக்காது.

ரைல்ஸ் டியூப் விஷயத்தை மட்டும் காத்திருக்காமல் இந்த வாரமே நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் எழுத்தில் கொடுங்கள். யார் பெயரையும் போடாமல், "முதல் ஃபீடுக்கு முன் பிஹெச் அல்லது எக்ஸ்ரே கட்டாயம் என்று ஒரு விதி வேண்டும், பிஹெச் தாள் வார்டில் இருக்க வேண்டும்" என்று கேட்டால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். லிண்டா எய்க்கனும் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டதன்படி, ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒவ்வொரு நோயாளி சேரும்போதும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. பொது மருத்துவமனைகளுக்கு ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். உங்கள் வார்டில் ஆராய்ச்சிக்கு மிகவும் எதிராக நடப்பது பவுடர் இல்லை, இந்த எண்ணிக்கைதான். இதை நீங்களும் இன்சார்ஜ் சிஸ்டரும் ஒரே பக்கம் நின்று கேட்க முடியும்.

படிப்பதற்கு, காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகளிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரே கேள்விக்கு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்து எடை போட்டிருப்பார்கள், எளிய சுருக்கங்கள் சில தமிழிலேயே இருக்கின்றன. வேலூர் சிஎம்சியில் இதற்கான தெற்காசிய மையம் இயங்கியிருக்கிறது என்பதால் நம் ஊர் ஆட்களின் உழைப்பும் அதில் உண்டு. நர்சிங் கேள்விகளுக்கென்றே அடிலெய்டில் 1996-இல் தொடங்கிய ஜேபிஐ நிறுவனத்தின் வெளியீடுகளையும் பாருங்கள்.

வேலையை விடுவது பற்றி: இப்போது விடாதீர்கள். கோபத்தில் எழுதும் ராஜினாமாவில் நோட்டீஸ் காலமும் அனுபவச் சான்றிதழும் சிக்கிக்கொள்ளும். எழுத்தில் கேட்ட பிறகும் ரைல்ஸ் டியூப் சோதனை மாறவில்லை, ஃபீடை நிறுத்தி வைத்ததற்காக உங்களைத் தண்டிக்கிறார்கள் என்றால் மட்டும் வேறு இடம் தேடுங்கள். அப்போது அசல் சான்றிதழ்கள் ஆபீஸில் இருந்தால் எழுத்து மூலம் திரும்பக் கேட்டு, கையொப்பத்தோடு பெற்றுக்கொண்டு, புதிய இடத்தில் சேரும் முன் இரவுப் பணியில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள் என்று முதலிலேயே கேளுங்கள்.